ஏ.எல். முடிந்தது, கமராவுக்கு முன் நடிக்கப் படிக்க வேண்டும்: திருகோணமலைப் பிள்ளைக்கு என்ன வழி?

திருக்கடலூர்ப் பிள்ளை:

வணக்கம். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிவு வந்துவிட்டது. நாடகமும் அரங்கியலும் ஏ, தமிழ் பி, புவியியல் பி. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், அப்பா அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. இனி அடுத்தது என்ன என்பதுதான் கேள்வி.

எனக்குத் திரை நடிப்புப் படிக்க வேண்டும். மேடை நடிப்பு இல்லை, திரை நடிப்பு. ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால், போன வருடம் எங்கள் பக்கத்து அண்ணாமார் நாலைந்து பேர் சேர்ந்து டச்சுக்குடாக் கடற்கரையில் பதினொரு நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தார்கள். கடலுக்குப் போன தம்பியைக் காத்துக்கொண்டிருக்கிற அக்கா நான். பள்ளிக்கூட நாடகத்தில் மாகாண மட்டம் வரை போனவள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். எடுக்கும்போது நன்றாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். பிறகு லப்டொப்பில் போட்டுக் காட்டினார்கள். என் முகம் திரை முழுக்க நிற்கிறது, கண்ணை அகல விரிக்கிறேன், புருவம் நெற்றிக்கு ஏறுகிறது, "தம்பி வந்திட்டானா" என்ற சின்னக் கேள்வியை மண்டபத்தின் கடைசி வரிசைக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். எனக்குப் பின்னால் ஒரு ஐயா இருந்து வலை தைக்கிறார். நடிக்க வந்தவர் இல்லை, அந்த இடத்தில் இருந்தவர். நான் கேட்டதும் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் வலையைப் பார்த்தார். அவ்வளவுதான். அவர் பார்த்த பார்வையில் முழுக் கதையும் இருந்தது.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவரிடம் இருந்தது என்ன, அதைப் படிக்க முடியுமா, முடியும் என்றால் எங்கே? கம்பஸ் என்றால் நல்லது, "என்னவும் படி, கையில ஒரு பட்டம் இருக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். தமிழில் என்றால் இன்னும் நல்லது. என் ஆங்கிலம் புத்தகம் வாசிக்கப் போதும், அந்த மொழியில் எனக்கு அழ வராது.

நிலாவெளிக் கமரா:

வாழ்த்துக்கள் தங்கச்சி. நான் கல்யாண வீட்டு வீடியோவில் தொடங்கிப் பதினாலு வருடமாகக் கமரா பிடிக்கிறேன், குறும்படங்களும் எடுத்திருக்கிறேன். நேரடியாகச் சொல்கிறேன். பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பார்த்தாலும் தமிழ் மொழியில் 'திரை நடிப்பு' என்று ஒரு பட்டம் உங்களுக்குக் கிடைக்காது. கிட்டத்தில் இருப்பது மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிற சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம், கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே நாடகமும் அரங்கியலும் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அந்தப் பாடம் படிக்கலாம். கொழும்பில் கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2005இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது, ஆனால் அங்கே நாடகம் படிக்கச் சிங்களம் வேண்டும். நம்ம ஊர் வளாகம், கோணேசபுரியில் இருப்பது, தொடர்பாடல் கற்கைக்குச் சரி, நடிப்புக்கு இல்லை.

கல்லடி நாலாம் வருடம்:

நான் கல்லடியில்தான் படிக்கிறேன், சொந்த இடம் மூதூர். தங்கச்சிக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம், இசட் புள்ளி (ஏ.எல். புள்ளிகளை வைத்துப் போடுகிற தரக் கணக்கு) மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சை என்று ஒன்று வைத்து ஆளை நேரில் பார்த்துத்தான் எடுப்பார்கள். பத்திரிகையில் அறிவித்தல் வரும்போது தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். என் கூட்டாளி ஒருவன் அப்படி ஒரு வருடத்தைத் தொலைத்தான்.

இரண்டாவது, நாலு துறையும் ஒரே வளவுக்குள் இருக்கிறது. சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும், கட்புல தொழினுட்பக் கலைகள். இதன் அருமை முதல் வருடத்தில் எனக்கு விளங்கவில்லை. மூன்றாம் வருடத்தில்தான் விளங்கியது. கட்புலக்காரப் பெடியன் ஒருவனுக்குப் படம் எடுக்க முகம் தேவை, எனக்கு என் முகத்தைப் பார்க்கக் கமரா தேவை. சனி ஞாயிறில் விடுதி மதிலுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேரும் படித்தது, பாடத்திட்டத்தில் ஒரு வரியாகவும் இல்லாத படிப்பு.

மூன்றாவது, உடம்பு. வடமோடிக் கூத்து ஆட்டம் பழகின முதல் மாதம் படி ஏறும்போது முழங்கால் நடுங்கும். கமராவுக்கு இது எதற்கு என்று நானும் கேட்டேன். ஒரு நாள் பன்னிரண்டு டேக் போன ஒரு காட்சியில், வெயிலுக்குள் நின்று பன்னிரண்டாவது தரமும் முதல் தரம் போலத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த மூச்சு கூத்துக் களரி தந்தது. அங்கே வாங்கினதை இங்கே செலவழித்தேன்.

அன்புவழிபுரம்:

நான் வேறு கதை சொல்ல வேண்டும், மனம் நொந்துதான் சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன் மாமாவிடம் கடன் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போய் ஒரு நடிப்புப் பள்ளியில் மூன்று மாதம் படித்தேன். பெயர் வேண்டாம். சுவர் முழுக்க நடிகர்மாரின் படம். ஒரு வகுப்பில் நாற்பத்தைந்து பேர், ஒரு கமரா. மூன்று மாதத்தில் அந்தக் கமராவுக்கு முன் நான் நின்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் அரை மணித்தியாலம் வராது. கோபமாகச் செய், சோகமாகச் செய், காதலாகச் செய் என்பார்கள். யார்மேல் கோபம், எதற்காகக் கோபம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் பின்னணி இசையோடு ஒரு வீடியோவும் சான்றிதழும் தந்து அனுப்பினார்கள். அந்தச் சான்றிதழை எவரும் இன்றுவரை கேட்டதில்லை.

ஆனால் அதே சென்னையில் நல்லது ஒன்றையும் கண்டேன். கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவின் நாடகம் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் தொடங்கினது. பசுபதி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கே வருடக்கணக்கில் உடம்பை உடைத்துப் பழகின பிறகுதான் படத்துக்கு வந்தவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்காளராக இருந்து நடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மூன்று மாதத்தில் முகம் மட்டும்தான் பழகும் தங்கச்சி. காசு கட்ட முதல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை பேர், எத்தனை கமரா?

ஹாரோ பெரியம்மா:

பிள்ளை, நான் பாலையூற்றில் பிறந்து வளர்ந்து இப்போது லண்டனில் இருக்கிறேன். என் தங்கச்சியின் மகள் இங்கே மூன்று வருடம் திரை நடிப்பே பட்டமாகப் படித்தவள். முதல் தவணை முழுக்க இரண்டு பேர் எதிரெதிரே இருந்து ஒரே வசனத்தை மாறி மாறிச் சொல்லுகிற பயிற்சி. "நீ நீலச் சட்டை போட்டிருக்கிறாய்." "ஓம், நான் நீலச் சட்டை போட்டிருக்கிறேன்." இதையே நூறு தரம். மைஸ்னர் என்ற அமெரிக்க ஆசிரியர் உண்டாக்கின பயிற்சியாம். பிள்ளை வீட்டுக்கு வந்து என்னோடும் செய்து பார்த்தாள். முதலில் எனக்கு எரிச்சல், பிறகு சிரிப்பு, பிறகு ஒரு கட்டத்தில் அவள் குரல் கொஞ்சம் இறங்கினதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. வசனம் மாறவே இல்லை. அவள் களைத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் மிக அதிகம், வீட்டை ஈடுவைத்து வர வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அங்கே படிக்கிற பயிற்சி ஊரில் செய்ய முடியாதது இல்லையே.

திருக்கடலூர்ப் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. கல்லடி அண்ணா, அறிவித்தலைத் தவறவிட மாட்டேன். நிலாவெளி அண்ணா, எனக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். மேடைக்கும் கமராவுக்கும் வித்தியாசம் சத்தம் மட்டும்தானா? குறைத்துச் செய், குறைத்துச் செய் என்று அன்றைக்கு எல்லாரும் சொன்னார்கள். குறைத்தேன். பார்த்தால் முகம் செத்துப்போய் இருந்தது.

நிலாவெளிக் கமரா:

இதுதான் சரியான கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

குறைத்துச் செய் என்பது பிழையான புத்தி. அடுப்பைக் குறைத்தால் சோறு வேகாது. உள்ளே இருக்கிறது முழுதாக இருக்க வேண்டும், அதை வெளியே கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையைத்தான் விட வேண்டும். மேடையில் பார்க்க வந்தவர் முப்பது அடி தள்ளி இருக்கிறார், நீங்கள் அவரிடம் போக வேண்டும். திரையில் கமரா உங்களிடம் வருகிறது. உங்கள் மூக்கு நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிறது. அதற்கு நீங்கள் எதையும் கொண்டுபோய்க் கொடுக்கத் தேவையில்லை, அதுவே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, இந்த ஷொட் எவ்வளவு பெரியது? ஆள் முழுதாகத் தெரிகிற வைட் என்றால் கை கால் நடை எல்லாம் கதைக்கும். இடுப்புக்கு மேல் என்றால் தோளும் கையும். குளோஸ்அப் என்றால் இரண்டு கண்ணும் வாயும்தான். அதில் தலையை ஒரு அங்குலம் ஆட்டினால் பெரிய திரையில் அது ஒரு அடி. கண்ணை அடிக்கடி வெட்டினால் அந்த ஆள் எதையோ ஒளிக்கிறார் போல இருக்கும்.

பிறகு பார்வைக் கோடு. நீங்கள் தம்பியைக் காத்திருந்த அந்த ஷொட்டில் கடலைப் பார்த்தீர்கள் அல்லவா? கடலில் எங்கே? நான் அந்தப் படத்தைப் பார்த்தேன், உங்கள் கண் மூன்று இடத்துக்கு ஓடியது. ஒரு இடத்தை எடுங்கள், கோணேசர் மலையின் கடைசி நுனியோ, கரைக்கு வருகிற ஒரு படகோ, அதில் கண்ணை நிறுத்துங்கள். கண் நிற்கிற இடத்தில் பார்ப்பவருக்குத் தம்பி தெரிவான்.

அடுத்தது நிற்கிற இடம். ஃபோகஸ் பிடிக்கிறவர் ஒரு சாண் தூரத்துக்குள் உங்களை வைத்திருக்கிறார். கீழே பார்க்காமல் நடந்து வந்து அந்த இடத்தில் நிற்கத் தெரிய வேண்டும். மணலில் கோடு போட்டால் அழிந்துவிடும், நான் ஒரு சின்னத் தடியைப் புதைத்து வைப்பேன், காலில் தட்டுப்பட்டால் நின்றுவிடலாம்.

தொடர்ச்சி இன்னொன்று. பிளேன்டீக் கோப்பையை "அண்ணா" என்ற சொல்லில் தூக்கினீர்கள் என்றால், குளோஸ்அப்பிலும் அதே சொல்லில்தான் தூக்க வேண்டும், இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்தாலும். இல்லாவிட்டால் வெட்டி ஒட்டும்போது கோப்பை பறக்கும். நல்ல அழுகை ஒன்று கோப்பை தூக்கின இடம் பிழையானதால் குப்பைக்குப் போனதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, ரஷ்யாவில் குலெஷோவ் என்று ஒருவர் 1920ஐ ஒட்டின காலத்தில் செய்த பரிசோதனை. மொசுகின் என்ற நடிகரின் ஒரே முகத்தை எடுத்து, ஒருதரம் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார், ஒருதரம் சவப்பெட்டியில் கிடக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில், ஒருதரம் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில். பார்த்தவர்கள் அவர் பசியாக இருக்கிறார், துக்கமாக இருக்கிறார், ஆசையாக இருக்கிறார் என்று புகழ்ந்தார்களாம். முகம் ஒன்றேதான். அந்த வலை தைத்த ஐயாவின் பார்வை உங்களை ஏன் பிடித்தது என்று இப்போது யோசித்துப் பாருங்கள். பாதி அவருடையது, பாதி அதற்கு முன் நீங்கள் கேட்ட கேள்வியுடையது.

நாடக ரீச்சர்:

முப்பது வருடம் இந்த ஊரில் நாடகம் படிப்பித்தவள் என்ற உரிமையில் குறுக்கே வருகிறேன். தம்பி சொன்னதில் பிழை இல்லை, ஆனால் வாசிக்கிற பிள்ளைகள் மேடை என்றால் கத்துவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புருவத்தை ஏற்றுவது மேடை நடிப்பு இல்லை, கூடாத மேடை நடிப்பு. பள்ளிக்கூடப் போட்டிகளில் நடுவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நாங்களே பிள்ளைகளை அப்படிப் பழக்கிவிட்டோம், அந்தப் பழி எங்களுக்கும் உண்டு.

அபிநயம் நாலு என்று படித்திருப்பாய் மகள். உடம்பால் காட்டுவது ஆங்கிகம், சொல்லால் வாசிகம், உடை ஒப்பனையால் ஆகார்யம், பிறகு சாத்விகம். முதல் மூன்றையும் நாங்கள் சோதனைக்காகப் படிப்பித்தோம், நாலாவதை ஒரு வரியில் கடந்துவிட்டோம். உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் தானாகத் தெரிவது சாத்விகம். தொல்காப்பியர் இதற்கு மெய்ப்பாடு என்று தனி இயலே வைத்தார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மெய்யில் படுவது மெய்ப்பாடு. முகத்தில் பூசுவது என்று அவர் சொல்லவில்லை. உன் குளோஸ்அப்புக்குத் தேவையானது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று. விபுலானந்த அடிகள் நம்ம ஊர் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் நம் நாடக இலக்கணத்தையும் பக்கத்தில் வைத்து 1926இல் நூல் எழுதியவர். வெளியிலிருந்து வருவதை நம் கணக்கில் வைத்துப் படிக்கலாம் என்று அவர் அப்போதே காட்டிவிட்டார். ஆகவே லண்டன் பயிற்சியையும் செய், மெய்ப்பாட்டையும் படி. கல்லடிக்குப் போ.

உவர்மலை அம்மா:

எனக்கும் நடிக்க வேண்டும் என்று நிற்கிற ஒரு மகள் இருக்கிறாள், அதனால் பயத்தோடுதான் இந்த இழையை வாசிக்கிறேன். படித்துவிட்டு என்ன வேலை? ஷூட்டிங் என்று கூப்பிட்டால் யார் கூடப் போவது? இதற்கு ஒருவரும் பதில் எழுதவில்லையே.

கல்லடி நாலாம் வருடம்:

அம்மா, உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முன் படித்து முடித்தவர்களில் கூடுதலான ஆட்கள் நாடக ஆசிரியர்களாகத்தான் போயிருக்கிறார்கள். சிலர் வானொலி, தொலைக்காட்சி, சிலர் தொண்டு நிறுவனங்களில் அரங்கப் பயிற்சி. நடிப்பை மட்டும் வைத்து மாதச் செலவைச் சமாளிக்கிற தமிழ் நடிகர் இந்த நாட்டில் மிகக் குறைவு. தங்கச்சியும் இதைத் தெரிந்துகொண்டு வரட்டும். ஆசிரியர் வேலை கிடைத்தால் அது தோல்வி இல்லை, சனி ஞாயிறும் விடுமுறையும் நடிப்புக்கு மிஞ்சும்.

அன்புவழிபுரம்:

பாதுகாப்புக்கு நான் பட்டுப் படித்ததைச் சொல்கிறேன் அம்மா. வேடம் தர யாராவது காசு கேட்டால் அது வேடம் இல்லை. ஹோட்டல் அறைக்கு நடிகர் தெரிவுக்கு வரச் சொன்னால் போக வேண்டாம், மண்டபம், பள்ளிக்கூடம், அலுவலகம், பகல் நேரம், கூட ஒருவர். கதையை முழுதாக எழுத்தில் கேளுங்கள், எந்தக் காட்சியில் என்ன உடை, யார் தொடுவார், எல்லாவற்றையும் முதலே கேட்கலாம். கேட்டதற்குக் கோபிக்கிறவரோடு வேலை செய்யாமல் விட்டால் ஒன்றும் குறையாது.

உவர்மலை அம்மா:

நன்றி தம்பி. இதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன்.

நிலாவெளிக் கமரா:

மேலே படிக்கிற வழியையும் சொல்லிவிடுகிறேன். புனேயில் இருக்கிற இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம், 1960இல் தொடங்கினது. நம்ம மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா ஒளிப்பதிவு படித்த இடம் அது. அங்கே திரை நடிப்புக்கென்றே இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. டில்லியில் தேசிய நாடகப் பள்ளி, 1959இல் தொடங்கினது, படிப்பு மூன்று வருடம். நசீருதீன் ஷாவும் ஓம் பூரியும் முதலில் டில்லியில் நாடகம் படித்து, பிறகு புனேக்குப் போய்த் திரை படித்தவர்கள். அந்த ஒழுங்கைக் கவனியுங்கள், முதலில் அரங்கு, பிறகு கமரா. இரண்டு இடத்துக்கும் பட்டதாரியாக இருக்க வேண்டும், ஹிந்தியும் ஆங்கிலமும் ஓட வேண்டும். இந்திய அரசின் புலமைப்பரிசில்களுக்கு உயர்ஸ்தானிகராலயம் வருடாவருடம் அறிவித்தல் போடும், அதையும் பார்த்துக்கொண்டிருங்கள். அப்பா கேட்கிற பட்டம் உங்களுக்குத் தடை இல்லை தங்கச்சி, அந்தக் கதவுக்கு அதுதான் திறப்பு.

தம்பலகாமத்தான்:

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஷோபாசக்தி எந்தக் கம்பஸில் நடிப்புப் படித்தார்? அல்லைப்பிட்டி ஆள், அகதியாகப் பிரான்ஸுக்குப் போன எழுத்தாளர், 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கின படத்தின் கதாநாயகன். வாழ்க்கை படிப்பித்ததைப் பட்டம் படிப்பிக்குமா?

நாடக ரீச்சர்:

கோபம் இல்லை தம்பி. ஆனால் அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் படிப்புக்குப் பதிலாக வாங்கிக்கொள் என்று ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு மனம் வராது. இன்னொன்று, தன் வாழ்க்கைக்குக் கிட்ட இருக்கிற ஒரு வேடத்தை ஒருவர் அற்புதமாகச் செய்யலாம். தனக்குத் தூரமான வேடத்துக்குப் போக வழி வேண்டும். அந்த வழியைத்தான் படிப்பிக்கிறோம்.

தம்பலகாமத்தான்:

சரி ரீச்சர், அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மொழி? போன வருடம் இங்கே ஒரு படத்துக்கு ஆள் எடுத்தார்கள், என்னைச் சென்னைத் தமிழில் கதைக்கச் சொன்னார்கள், அப்போதுதான் வெளியே விற்குமாம். வாய் திறந்தால் என் முகமே எனக்கு வேறாளாகிவிட்டது. "என்னடா பண்றே" என்று நான் என் தம்பியை ஒருநாளும் கேட்டதில்லை. "என்னடா செய்றாய்" என்று கேட்டால் என் கை தானாக அவன் தோளுக்குப் போகும். எந்தக் கம்பஸ் இதைப் படிப்பிக்கும்?

கல்லடி நாலாம் வருடம்:

அண்ணா, இது பெரிய விஷயம். எங்கள் வகுப்பில் மன்னார், மலையகம், யாழ்ப்பாணம், கிண்ணியா, அக்கரைப்பற்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒருதரம் ஒரே ஆறு வரி வசனத்தை ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லிப் பார்த்தோம். "வா" என்ற ஒரு சொல் "வாங்கோ", "வாங்க", "வாருங்க", "வாங்களன்" என்று மாற மாற, கதவுக்கு வெளியில் நிற்கிற ஆளே மாறிவிட்டார். திருமலைப் பேச்சில் யாழ்ப்பாணமும் இருக்கிறது, மட்டக்களப்பும் இருக்கிறது, பக்கத்து முஸ்லிம் ஊர்களின் ஓசையும் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதி வைத்தாலே பாதிப் பாடம்.

ஹாரோ பெரியம்மா:

இங்கே பிறந்த பிள்ளைகள் நடிக்கிற படங்களைப் பார்க்கும்போது எனக்கு வருகிற தவிப்பும் இதுதான். வசனம் சரி, மூச்சு வேற ஊர்.

திருக்கடலூர்ப் பிள்ளை:

மூன்று நாள் எழுதவில்லை, மன்னியுங்கள். பெரியம்மா சொன்ன பயிற்சியையும் நிலாவெளி அண்ணா சொன்னதையும் சேர்த்து ஒன்று செய்து பார்த்தேன்.

பின்னேரம் அம்மா குசினிக்கு வெளியே திருவலைக்குப் பக்கத்தில் இருந்து பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நான் எதிரே பலகையில் இருந்தேன். போனை அரிசி வாளிக்கு மேல், என் கண் உயரத்துக்கு வைத்தேன், அது என்னைத்தான் எடுக்கிறது. நடிக்கக் கூடாது, அம்மா சொல்வதைக் கேட்க மட்டும் வேண்டும் என்று முடிவு. அம்மாவிடம் கிண்ணியாப் பாலம் கட்ட முதல் பாதையில் (ஆளையும் வாகனத்தையும் அக்கரைக்கு ஏற்றிப் போகிற மிதவைப் படகில்) போய்வந்த கதையைக் கேட்டேன். ஒருநாள் இருட்டிவிட்டது, கடைசிப் பாதை போய்விட்டது, கையில் நான் ஒரு வயதுப் பிள்ளை, காய்ச்சல், அக்கரையில் விளக்குத் தெரிகிறது, போக முடியவில்லை. கதை சொல்கிறபோது அம்மா கத்தியை நிறுத்தவில்லை. செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னா. "விடிய மட்டும் உன்னை நெஞ்சில வெச்சுக்கொண்டு அந்த விளக்கையே பாத்துக்கொண்டிருந்தன்" என்ற இடத்தில் மட்டும் கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு திரும்பவும் சுரண்டினா.

இரவு வீடியோவைப் பார்த்தேன். ஆறு நிமிடம். முதல் இரண்டு நிமிடமும் நான் கேட்கிற மாதிரி நடிக்கிறேன், தலையை ஆட்டி ஆட்டி. அது எனக்கே தெரிந்தது. பிறகு எங்கேயோ மறந்துவிட்டேன். கத்தி நின்ற அந்த நொடியில் என் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை, புருவம் அசையவில்லை, ஆனால் தொண்டையில் ஒரு சின்ன அசைவு. நான் செய்ததில்லை அது. பத்துத் தரமாவது திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருப்பேன். ரீச்சர், மெய்யில் படுவது என்று நீங்கள் எழுதினது அந்தத் தொண்டைதானா?

நாடக ரீச்சர்:

அதுதான் மகள்.

நிலாவெளிக் கமரா:

வீடியோவை அனுப்பினதற்கு நன்றி, மூன்றுதரம் பார்த்தேன். 3 நிமிடம் 40 செக்கனில் இருந்து நீங்கள் கண் வெட்டுவது குறைகிறது, அம்மாவின் கையையும் முகத்தையும் மட்டும் பார்க்கிறீர்கள், கண் வேறெங்கும் ஓடவில்லை. டச்சுக்குடாவில் ஓடின அதே கண்தான். வெளிச்சம் ஒரு பக்கத்தில் இருந்து வந்தது நல்லது.

இனிக் கஷ்டமான பாகம். இதே ஆறு நிமிடத்தை நாளைக்கு அம்மா இல்லாமல், வெறும் சுவரைப் பார்த்துச் செய்ய வேண்டும். ஷூட்டிங்கில் பாதி நேரம் எதிரே ஆள் இருக்காது, கமராவுக்குப் பக்கத்தில் ஒட்டின ஒரு துண்டு டேப்தான் இருக்கும். அம்மாவின் கத்திச் சத்தத்தை மனதில் கேளுங்கள், அது எங்கே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும், தெரியாதது போல அதுவரை வர வேண்டும். முதல் தரம் வராது. இருபதாம் தரம் வரலாம். நாலு வருடம் படிக்கப் போவது இதைத்தான், நடப்பதை ஒருதரம் பிடிப்பது இல்லை, கூப்பிட்டால் திரும்ப வரப் பண்ணுவது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானும் இரண்டு பெடியன்மாரும் டச்சுக்குடாவுக்கு வருகிறோம். நம்ம கடற்கரை கிழக்கைப் பார்த்தது, எட்டு மணி வரை முகத்துக்கு நல்ல வெளிச்சம், அதற்குப் பிறகு கண் கூசும். கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது, மைக்கைச் சட்டைக்குள் வைக்க வேண்டும், பருத்திச் சட்டை போட்டு வாருங்கள், மற்றத் துணி உரசும். தம்பலகாமத்து அண்ணரும் வந்தால் "என்னடா செய்றாய்" என்ற வசனத்தில் இருந்தே தொடங்கலாம். உவர்மலை அம்மா, மகளையும் கூட்டிக்கொண்டு நீங்களும் வாருங்கள்.

தம்பலகாமத்தான்:

வருகிறேன். முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஆறரை ஆகும்.

உவர்மலை அம்மா:

நாங்கள் நடந்தே வரலாம். பிளேன்டீ நான் கொண்டு வருகிறேன்.

திருக்கடலூர்ப் பிள்ளை:

வருகிறேன் அண்ணா. அப்பா நேற்று என் போனை வாங்கி அந்த வீடியோவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கொம்மா இதை எனக்குச் சொன்னதே இல்லை, அண்டைக்கு நான் கடலில நிண்டன்" என்றார். இன்று காலை கல்லடி விண்ணப்பத்துக்கு என்னென்ன கடிதம் வேண்டும் என்று அவரே கேட்டார். கல்லடி அண்ணா, அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பிவிடுங்கள், நாளைக்கு அவர் கரையில் நிற்கிறார், இரண்டு பேருமாகப் போய் எடுத்துவிடலாம்.